ஏரிச் சேறும் எரிமலைச் சாம்பலும் பழைய காலநிலையை எப்படிச் சொல்கின்றன?

கேள்வி இதுதான்: ஏரிகளின் அடிச்சேற்றையும் அதற்குள் கிடக்கும் எரிமலைச் சாம்பலையும் வைத்து பன்னிரண்டாயிரம், பதின்மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காலநிலை மாற்றத்தைக் கண்டுபிடிக்கிறார்களாமே, அது எப்படி? சாம்பலுக்கும் காலநிலைக்கும் என்ன சம்பந்தம்? அந்த முடிவுகளை எவ்வளவு நம்பலாம்? நம் பக்கம் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்த ஆய்வுகளில் காலநிலையைப் பற்றிச் சொல்வது சேறு. சாம்பல் பெரும்பாலும் நேரத்தைத்தான் சொல்கிறது. எரிமலை வெடித்ததால் காலநிலை மாறியதா என்பது வேறு கேள்வி; அதற்குக் கடைசியில் வருகிறேன். பலரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், செய்தித்தாள்கள் உட்பட.

சேற்றிலிருந்தே தொடங்குவோம். ஒவ்வோர் ஆண்டும் ஏரிக்குள் மண், மகரந்தம், இலைச் சருகு, தூசி எல்லாம் வந்து அடியில் படிகின்றன. பெரும்பாலான ஏரிகளில் புழுக்களும் பூச்சிகளும் அதைக் கிளறிக் கலந்துவிடும். ஆழம் அதிகமாகவும் பரப்பு குறைவாகவும் உள்ள சில ஏரிகளில் அடித்தண்ணீருக்கு ஆக்ஸிஜன் போவதில்லை. அங்கே கிளற உயிர்கள் இல்லை. பனி உருகும் பருவத்தில் வந்த மண் ஒரு படலமாகவும், கோடையில் வளர்ந்து மடிந்த பாசி இன்னொரு படலமாகவும் அப்படியே தங்கிவிடும். இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. இந்த ஆண்டடுக்குகளை வார்வ் என்பார்கள். ஸ்வீடனில் ஜெரார்ட் டி ஜேர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இவற்றை எண்ணத் தொடங்கிவிட்டார்.

நான் எடுத்துக்கொள்ளும் ஏரி ஜெர்மனியின் மேற்கே ஐஃபல் பகுதியில் உள்ள மேர்ஃபெல்டர் மார். மேலே வந்த எரிமலைக் குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டு வெடித்ததில் உண்டான பள்ளம் அது. இன்று பார்த்தால் மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே ஒரு சின்ன ஏரி. ஆனால் அதன் அடிச்சேற்றில் கடைசிப் பனிக்காலத்தின் முடிவுப் பகுதி ஆண்டு ஆண்டாக எழுதி வைத்ததுபோல் இருக்கிறது. போட்ஸ்டாமில் உள்ள புவி அறிவியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த அஹிம் பிரவரும் அவர் குழுவும் பல ஆண்டுகளாக இந்தச் சேற்றைப் படித்துவருகிறார்கள். நீண்ட குழாயை இறக்கிச் சேற்றை உருளை உருளையாக எடுத்து, அதில் பிசினை ஏற்றிக் கெட்டியாக்கி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாக்கி, நுண்ணோக்கியில் ஒவ்வோர் அடுக்காக எண்ணுகிறார்கள். அலுப்பான வேலைதான். ஆனால் அந்த எண்ணிக்கை இல்லாமல் இனிச் சொல்லப்போகும் எதுவும் இல்லை.

அந்த அடுக்குகளில் என்னென்ன படிக்கலாம்? மகரந்தம் சுற்றியிருந்த காடு பைனா பிர்ச்சா, அல்லது காடே இல்லாத புல்வெளியா என்று சொல்லும். கைரனாமிட் என்ற கடிக்காத கொசு இனத்தின் புழுக்கள் உதிர்த்த தலைக்கூடுகள் பல ஆயிரம் ஆண்டுகள் அழியாமல் இருக்கும். எந்த இனம் எவ்வளவு வெப்பத்தில் வாழும் என்று தெரிவதால், கோடை வெப்பநிலையை அவற்றிலிருந்து கணக்கிடலாம். டயாட்டம் என்ற சிலிக்கா ஓடுள்ள பாசிகள் தண்ணீரின் நிலையைச் சொல்லும். இலைகளின் மேலுள்ள மெழுகில் இருக்கும் ஹைட்ரஜன் ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) மழையையும் வறட்சியையும் பற்றிச் சொல்லும். சேற்று உருளையை எக்ஸ் கதிர்க் கருவியின் கீழே நகர்த்தினால், டைட்டானியம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் தெரியும். கரையிலிருந்து எவ்வளவு மண் அடித்துவரப்பட்டது என்பதற்கு அது ஒரு அளவுகோல்.

இதில் எதையும் தனியாக நம்பக்கூடாது. மகரந்தம் காற்றில் வெகுதூரம் பறந்து வரும். காடு மாறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் வெப்பநிலை எப்போதோ மாறியிருக்கும். பல சாட்சிகள் ஒன்றையே சொல்லும்போதுதான் நம்பலாம்.

மேர்ஃபெல்டர் மார் சொன்ன விஷயங்களில் என்னை இன்றும் வியக்கவைப்பது யங்கர் டிரையஸ் என்ற குளிர்க் கட்டத்தின் தொடக்கம். பனிக்காலம் முடிந்து உலகம் வெப்பமாகிக்கொண்டிருந்தபோது, இன்றைக்கு 12,800 ஆண்டுகளுக்கு முன்பு வடக்கு அட்லாண்டிக்கைச் சுற்றியுள்ள நிலங்கள் திடீரென மறுபடியும் குளிருக்குள் போயின. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நீடித்த அந்தக் குளிர் ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன்புதான் விலகியது. வெப்பத்தை வடக்கே கொண்டுபோகும் அட்லாண்டிக் கடல் நீரோட்டம் பலவீனமானதே காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்த மாற்றம் எவ்வளவு வேகமாக நடந்தது என்று 2008இல் பிரவர் குழு இந்த ஏரியிலிருந்து சொன்னது: இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை வீசும் காற்று ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையிலேயே வலுத்துவிட்டது. ஓர் அடுக்கு பழைய மாதிரி, அதற்கு மேலே உள்ள அடுக்கு புதிய மாதிரி. காலநிலை மெதுவாகத்தான் மாறும் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சரி, இங்கேதான் சிக்கல் வருகிறது. ஜெர்மனியில் காற்று மாறியபோது நார்வேயில் என்ன நடந்தது? கிரீன்லாந்தில்? முதலில் மாறியது எது? இதற்கு விடை தெரிந்தால்தான் மாற்றம் எப்படிப் பரவியது, அதை ஓட்டியது கடலா காற்றா என்று சொல்ல முடியும். ஆனால் ஒவ்வோர் இடத்தின் பதிவுக்கும் ஒவ்வொரு காலக்கணக்கு, ஒவ்வொன்றிலும் பிழை. செத்த உயிரில் மெல்லக் குறையும் கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்லும் ரேடியோகார்பன் முறையில் அந்தக் காலத்துக்குப் பல பத்தாண்டுகள் முதல் நூறு ஆண்டுகளுக்கு மேல் பிழை வரலாம். சுண்ணாம்புப் பாறை உள்ள ஊராக இருந்தால், தண்ணீரில் கரைந்த பழைய கார்பனை நீர்த்தாவரங்கள் எடுத்துக்கொண்டு இருப்பதைவிடப் பழையவையாகக் காட்டும். அதனால்தான் கரையிலிருந்து விழுந்த இலைகளைத் தேடிப் பொறுக்குகிறார்கள். ஆண்டுக்கு ஓர் அடுக்காகப் படிந்த கிரீன்லாந்துப் பனியின் எண்ணிக்கையிலும் அந்தக் காலத்தில் நூறு ஆண்டுக்கு மேல் பிழை வரம்பு உண்டு.

இதைத் தவிர்க்கப் பலர் ஒரு குறுக்கு வழியில் போனார்கள். இரண்டு இடத்து வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏற்ற இறக்கங்கள் பொருந்தும்வரை ஒன்றை நகர்த்துவது. இதை நான் ஏற்பதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் மாறின என்று முதலிலேயே வைத்துக்கொண்டு கோடுகளைப் பொருத்திவிட்டால், பிறகு எது முந்தியது என்ற கேள்வியையே கேட்க முடியாது. விடையை நாமே உள்ளே போட்டுவிட்டோம்.

சாம்பல் இந்த இடத்தில்தான் வருகிறது. தேதி போடாத இரண்டு நாட்குறிப்புகள் கிடைத்தால், இரண்டிலும் ஒரே சூரிய கிரகணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுவோம் அல்லவா, அப்படித்தான். ஒரு பெரிய எரிமலை வெடித்தால் அதன் சாம்பல் சில நாட்களிலோ வாரங்களிலோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரவி, பனி, ஏரி, கடல் எல்லாவற்றிலும் விழும். எங்கெல்லாம் அது கிடைக்கிறதோ அந்த மட்டங்கள் எல்லாம் ஒரே காலம். எத்தனை ஆண்டுகளுக்கு முன் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் ஐஸ்லாந்தின் சிகுர்துர் தோராரின்சன். 1944இல் வந்த அவருடைய ஆய்வேடுதான் தொடக்கம்.

தொலைவில் விழும் சாம்பல் கண்ணுக்குத் தெரியாது. தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய கண்ணாடித் துகள்கள், ஒரு கிராம் சேற்றில் சில பத்து இருந்தாலே பெரிய விஷயம். சேற்றை நுண்சல்லடையில் சலித்து, அடர்த்தி அதிகமுள்ள திரவத்தில் போட்டுச் சுழற்றினால் மணல் அடியில் போய்விடும், கண்ணாடி பிரிந்துவரும். அப்புறம் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மின்னணுக் கற்றையைப் பாய்ச்சி, சிலிக்கா, பொட்டாசியம், இரும்பு, கால்சியம் எவ்வளவு என்று அளப்பார்கள். ஒவ்வொரு எரிமலைக்கும் தனி ரசாயன அடையாளம் உண்டு.

கிறிஸ்டின் லேன் தலைமையிலான குழு 2013இல் செய்தது இந்தத் துறையின் மிக அழகான வேலைகளில் ஒன்று என்பது என் கருத்து. ஐஸ்லாந்தின் கட்லா எரிமலை யங்கர் டிரையஸின் நடுவே வெடித்தது. அந்தச் சாம்பலை வெட்டே சாம்பல் என்பார்கள். நார்வேயில் ஓர் ஊரின் பெயர் அது. நார்வேயின் மேற்குக் கரையில் க்ரோகெனெஸ் என்ற ஏரியில் இந்தச் சாம்பல் ஏற்கெனவே தெரிந்ததுதான். அந்த ஏரிக்குள் அப்போது ஒரு பனிப்பாளத்தின் உருகுநீர் வந்துகொண்டிருந்ததால், காலநிலை மாற்றம் அதன் சேற்றில் நன்றாகப் பதிந்திருந்தது. அதே சாம்பலின் கண்ணுக்குத் தெரியாத துகள்களை மேர்ஃபெல்டர் மாரின் சேற்றில் லேன் குழு கண்டுபிடித்தது. இரண்டு ஏரிகளுக்கும் இடையே ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர்.

இரண்டு ஏரியிலும் யங்கர் டிரையஸின் நடுவில் ஒரு மாற்றம் தெரிகிறது; கடுங்குளிர் சற்றே தளர்ந்து காற்றின் போக்கு மாறுகிறது. ஜெர்மன் ஏரியில் அந்த மாற்றம் சாம்பலுக்கு 100 ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. நார்வே ஏரியில் சாம்பல் விழுந்து 20 ஆண்டுகள் கழித்து வந்தது. ஆகத் தெற்கிலிருந்து வடக்கே போக 120 ஆண்டுகள். வடக்கு அட்லாண்டிக்கில் கடல்பனியின் விளிம்பு படிப்படியாக வடக்கே பின்வாங்க, மேலைக்காற்றின் பாதையும் அதன்கூடவே நகர்ந்தது என்பது அவர்கள் விளக்கம். வரைபடங்களைக் கண்ணால் பொருத்தியிருந்தால் இந்த 120 ஆண்டுகள் தெரிந்தே இருக்காது. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்து மூடியிருப்பார்கள்.

நம்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்கு நல்ல பாடம் லாகர் சே. மேர்ஃபெல்டர் மாரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், ரைன் நதிக்குப் பக்கத்தில் இருந்த எரிமலை அது. வெடித்தபோது கக்கிய பொருள் ரைனையே சில காலம் அணை போட்டதுபோல் தடுத்து நிறுத்தியது. அதன் சாம்பல் வடக்கு இத்தாலியிலிருந்து ஸ்வீடன் வரை கிடைக்கிறது. ஆகவே மத்திய ஐரோப்பிய ஏரிகள் பலவற்றுக்கும் இது பொதுவான கடிகாரம். அடுக்கு எண்ணிக்கைப்படி அதன் வயது இன்றைக்கு முன் 12,880 ஆண்டுகள் என்று நீண்டகாலம் எடுத்துக்கொண்டார்கள். (இந்தக் கணக்கில் இன்று என்றால் 1950.) மேர்ஃபெல்டர் மாரில் சாம்பலுக்கு மேலே சுமார் 200 அடுக்குகள் கழித்து யங்கர் டிரையஸ் தொடங்குகிறது. அப்படியானால் 12,680 வாக்கில். கிரீன்லாந்திலோ குளிர் 12,850 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. இடையே 170 ஆண்டு. 2014இல் இதே ஏரியின் இலை மெழுகை ஆராய்ந்த ஒரு குழு, கிரீன்லாந்து குளிர்ந்து 170 ஆண்டுகள் கழித்தே மேற்கு ஐரோப்பா வறண்டது என்று எழுதியது. ஏன் இந்தத் தாமதம் என்று விளக்கங்களும் வந்தன.

2021இல் ஃப்ரெடெரிக் ரைனிக் குழு எரிமலைப் படிவுகளுக்குள் புதைந்துபோன மரங்களை எடுத்தது. வெடிப்பில் செத்த மரங்கள் அவை. வளையம் வளையமாக ரேடியோகார்பன் அளந்து, ஆல்ப்ஸ் பகுதி மரங்களின் நீண்ட வளைய வரிசையோடு பொருத்தியபோது கிடைத்த வயது 13,006, பிழை கூடக்குறைய 9 ஆண்டுகள். சாம்பல் நூறு ஆண்டுக்கு மேல் பின்னால் போய்விட்டது. சாம்பலோடு சேர்ந்து ஏரிக்கணக்கும் நகர, யங்கர் டிரையஸ் தொடக்கம் 12,807 ஆனது. கிரீன்லாந்தின் பிழை வரம்புக்குள் அது வந்துவிடுகிறது. பெரிதாகப் பேசப்பட்ட அந்தத் தாமதத்தின் பெரும்பகுதி கரைந்துபோனது.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. எரிமலைப் பக்கத்து நிலத்திலிருந்து கசியும் கார்பன் டை ஆக்சைடில் ரேடியோகார்பன் கிடையாது. அதை உறிஞ்சிய மரம் உண்மை வயதைவிடப் பழையதாகத் தோன்றலாமே என்றார்கள். நியாயமான கேள்வி. 2025இல் ஜெர்மனியின் ஒரு குகையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புக் கூம்பில் இந்த வெடிப்பின் கந்தகத் தடயத்தைக் கண்டதாக ஓர் ஆய்வு வந்தது. யுரேனியம் தோரியமாகச் சிதைவதை அளக்கும் யுரேனியம் தோரியம் முறையில் அதற்குக் கிடைத்த வயதும் 13,000 வாக்கில்தான். அந்த முறைக்கும் கார்பனுக்கும் தொடர்பில்லை. எனவே புதிய வயதே சரி என்ற பக்கம் நான் சாய்கிறேன். ஆனால் ஒரு முடிச்சு மிச்சமிருக்கிறது. மேர்ஃபெல்டர் மாரில் லாகர் சே சாம்பலுக்கும் வெட்டே சாம்பலுக்கும் இடையே எண்ணியது 740 ஆண்டுகள். கீழ்முனை 13,006க்குப் போனால், இடையில் நூறுக்கு மேற்பட்ட அடுக்குகள் எண்ணிக்கையில் விடுபட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டேயின் வயதும் நகர வேண்டும். அடுக்கு எண்ணுபவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இதில் கவனிக்க வேண்டியது: 2013இன் 120 ஆண்டு முடிவு இந்தக் கலவரத்தில் அசையவில்லை. ஏனென்றால் அது சாம்பலிலிருந்து பக்கத்திலுள்ள அடுக்குகளை மட்டும் எண்ணி எடுத்தது. சாம்பலின் வயது 12,100ஆ 12,200ஆ என்பது அதற்குத் தேவையே இல்லை. ஆட்டம் கண்டது எது? ஏரியின் ஆண்டு எண்களையும் பனியின் ஆண்டு எண்களையும் சாம்பல் இணைப்பு இல்லாமல் நேரடியாக ஒப்பிட்ட முடிவு. லாகர் சேயின் கண்ணாடித் துகள்கள் கிரீன்லாந்துப் பனியில் உறுதியாகக் கிடைத்திருந்தால் இந்த விவாதத்தில் பாதி நடந்திருக்காது. ஆகவே இத்தகைய ஆய்வு எதைப் படித்தாலும், இரண்டு இடங்களையும் இணைப்பது பொதுவான சாம்பலா, தனித்தனி வயதுக் கணக்கா என்று முதலில் பாருங்கள்.

சாம்பலிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. கட்லா ஒரே மாதிரி ரசாயனம் உள்ள சாம்பலைப் பல ஆயிரம் ஆண்டு இடைவெளியில் பலமுறை கக்கியிருக்கிறது; மேலே கீழே உள்ள மகரந்தத்தைப் பார்க்காமல் ரசாயனத்தை மட்டும் நம்பினால் ஆளை மாற்றிவிடுவோம். கரையில் விழுந்த பழைய சாம்பல் பின்னொரு வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மேல் அடுக்கில் படியலாம். சேற்று உருளை எடுக்கும்போது இரண்டு துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விழலாம். ஜப்பானின் சுய்கெட்சு ஏரியில் 1993இல் எடுத்த உருளைக்கு அந்தக் குறை இருந்தது. 2006இல் தகேஷி நாககாவா குழு அருகருகே நான்கு துளைகள் போட்டு, ஒன்றின் இடைவெளியை மற்றொன்று மூடும்படி 73 மீட்டர் நீளத் தொடர் பதிவை எடுத்தது. இன்று உலகம் முழுவதும் ரேடியோகார்பன் வயதுகளைத் திருத்தப் பயன்படும் அளவுகோலில் அந்த ஏரியின் இலைகளுக்கும் பங்கு உண்டு.

இப்போது தள்ளிவைத்த கேள்வி: எரிமலையே காலநிலையை மாற்றாதா? மாற்றும். கந்தகம் மேல்வளிமண்டலம் வரை போனால் சில ஆண்டுகள் குளிரும். லாகர் சேதான் யங்கர் டிரையஸைத் தொடங்கிவைத்தது என்றுகூட ஒரு கருத்து இருந்தது. வெடிப்புக்கும் குளிருக்கும் இடையே சுமார் 200 அடுக்குகள் இருக்கும்போது அதை ஏற்பது கடினம். இன்னும் பெரிய சோதனை சுமத்ராவின் தோபா. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்த வெடிப்பு மனித இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியது என்று நிறைய எழுதினார்கள். தோபா சாம்பலின் துகள்களை ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியின் சேற்றில் 2013இல் கண்டுபிடித்தார்கள், எரிமலையிலிருந்து 7,000 கிலோமீட்டருக்கு அப்பால். சாம்பலுக்கு உடனே மேலே உள்ள சேற்றில் பெருங்குளிரின் அடையாளம் எதுவும் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவைப் பொறுத்தவரை பல ஆண்டுகள் நீண்ட எரிமலைக் குளிர்காலம் என்ற கதை அதோடு பலமிழந்தது.

தோபா வழியாகத்தான் நம் பக்கத்துக்கும் வர முடியும். அதன் சாம்பல் ஆந்திராவின் ஜுவாலாபுரம் உள்பட இந்திய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் பலவற்றில் தடித்த படலமாகவே கிடைக்கிறது. ஆனால் தோபா அதற்கு முன்பும் வெடித்திருக்கிறது. மகாராஷ்டிராவின் போரியில் உள்ள சாம்பல் கடைசி வெடிப்புடையதா, பழையதா என்று நீண்ட விவாதமே நடந்தது. கட்லாவுக்குச் சொன்ன அதே தொல்லை. அதற்குப் பிறகான காலத்துக்குத் தென்னிந்தியாவில் இப்படி ஊரெல்லாம் பரவிய சாம்பல் கடிகாரம் கிடையாது. தமிழ்நாட்டின் ஏரிகள் பெரும்பாலும் மனிதர் வெட்டியவை. கோடையில் வறண்டு, தூர்வாரப்பட்டு, அடுக்குகள் கலைந்தவை. ஆனால் நீலகிரியில் சாண்டிநல்லா போன்ற இடங்களின் சதுப்புக் கரிமண் இருக்கிறது. ஆர். சுகுமாரும் உடனிருந்தவர்களும் 1993இல் அதன் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து, ஈரக் காலத்திலும் வறண்ட காலத்திலும் அந்த மலைகளின் புல்லும் மரமும் எப்படி மாறிமாறி ஓங்கின என்று பனிக்காலம் வரை பின்னோக்கிக் காட்டினார்கள். மகாராஷ்டிராவின் லோனார் விண்கல் பள்ள ஏரியில், தண்ணீர் வற்றி உப்புக் கூடும்போது மட்டும் உருவாகும் கேலுசைட் என்ற படிகம் இரண்டு நீண்ட வறட்சிகளைக் காட்டுகிறது. முதலாவது 4,600இலிருந்து 3,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை. இந்த இரண்டு பதிவுகளிலும் பருவமழை எப்போது தளர்ந்தது என்பது ரேடியோகார்பனின் பிழைக்குள்தான் தெரியும். நீலகிரியில் முதலில் வறண்டதா லோனாரிலா என்று ஐஃபலையும் நார்வேயையும் ஒப்பிட்டதுபோல் இருபது ஆண்டுத் துல்லியத்தில் கேட்க, இரண்டிலும் பொதுவான ஒரு சாம்பல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துகள்களைத் தேடும் வேலை நம் ஏரிகளிலும் கரிமண்ணிலும் இன்னும் நிறையச் செய்யப்பட வேண்டியிருக்கிறது.